தும்மல் படம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
அரிச்சந்திரா நதியோரம்,
பொய் சொல்வது என் உத்தியோகம்.
மாதம் நாற்பத்தைந்து ரூபாய். படி தனி.

வேன் வந்து நின்ற வயலில்
தாளடி அறுத்து நாலு நாள்தான்.
அடிக்கட்டை செருப்பைக் குத்தியது.
மதலைமுத்து ஜெனரேட்டரை இழுத்தான்,
வைக்கோல் தூசி கிளம்பி
வெளிச்சக் குழலுக்குள் மிதந்தது.

இங்கிலாந்து சர்க்கார் தன் குடிகளுக்கு எடுத்த படங்கள்.
சண்டை முடிந்தும் ரொட்டிக்குச் சீட்டோடு நின்ற குடிகளுக்கு
ரோட்டை எப்படிக் கடப்பது,
நிலக்கரியை எப்படி மிச்சம் பிடிப்பது,
எப்படித் தும்முவது.
தகர டப்பாவில் கப்பலேறி வந்தவை
கொடி மாறிய பிறகும் கிடங்கில் மிஞ்சிவிட்டன.
துரையின் குரலை அணைத்துவிட்டு
மைக்கில் நான் பேசவேண்டும்.
ஆபீஸ் தாள் சொன்னது:
“தும்முங்கால் துணியால் வாய் பொத்துக.”

திரைக்கு முன்னால் பதினொரு நாற்காலி.
திரைக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்,
இருநூறு பேர் தரையில்.
அங்கே உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கு லண்டன் இடவலம் மாறி வந்தது.
“முதலில் வலப்பக்கம் பார்” என்றேன்,
தொப்பி போட்ட பையன் இடப்பக்கம் பார்த்தான்.
மோட்டார்கள் தப்பான ஓரத்தில் போயின.
காத்தாயி என்றொருத்தி சத்தமாகக் கேட்டாள்:
“எந்தப் பக்கம் பாத்தா என்னங்க,
எதுக்க வர்றவுகதானே நம்மள வெலகச் சொல்வாக?”
தாளில் இதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது சுருள், வைத்தியம்.
சீமையில் இனி எல்லோருக்கும் டாக்டர், காசில்லாமல்.
அடுத்த வரி:
“அங்கே நோயாளி எவரும்
எவர் வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.”
நாற்காலிகளைப் பார்த்தேன்.
வரியை விழுங்கினேன்.
பக்கத்தில் அரிச்சந்திரா
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் தும்மல்.
குண்டு துரை ஒருவர்
பஸ்ஸில், ஆபீஸில், படுக்கையில் தும்முகிறார்.
ஒவ்வொரு தடவையும் யாரோ ஓடிவந்து
அவர் கையில் துணியைத் திணிக்கிறார்கள்.
பின்பக்கம் சிரித்தது. முன்பக்கமும் சிரித்தது.
அந்த ஊரில் இரண்டும் ஒன்றாகச் சிரித்தது
அன்றைக்குத்தான் என்று மதலைமுத்து அப்புறம் சொன்னான்.
அவனுக்கு எப்படித் தெரியும்.

விளக்கு போட்டதும் பக்கிரி தும்மினான்.
வைக்கோல் தூசிதான், வேறென்ன.
இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்,
வாயைப் பொத்தினான்,
துடைத்தான்,
தோளில் போட்டுக்கொண்டான்.

பண்ணைக்கு எதிரில்
துண்டு இருக்கவேண்டிய இடம் இடுப்பு.
காரியக்காரர் எழுந்தார்.
“எறக்குடா.”
பக்கிரி மறுபடி தும்மினான்.
“படத்துல சொன்னாகளே, ஐயா.”
அவன் பக்கத்தில் இன்னொருவன் தும்மினான்.
அவனுக்கும் பக்கத்தில்.
அந்த வரிசை முழுக்க, பிறகு அதற்குப் பின் வரிசை,
மூக்கில் ஒன்றுமில்லாத கிழவர்கள்கூட,
துண்டு துண்டாக
இடுப்பிலிருந்து முகத்துக்கு,
முகத்திலிருந்து தோளுக்கு.

பதினொரு நாற்காலியும் என்னைப் பார்த்தன.
மைக் இன்னும் என் கையில்.
“துணியால் பொத்துக” என்றேன்.
சர்க்கார் தாளில் இருந்ததுதான்.

ராத்திரி முகாமில் படிவம் நிரப்பினேன்.
வந்தவர்கள்: இருநூற்றுப் பதினொன்று.
படம் விளங்கியதா: விளங்கியது.
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்று
ஒரு மைப்பொட்டு வைத்தது.
காலையில் வேன் கிளம்பியபோது
சேரிப்பக்கமிருந்து ஏதோ சத்தம் கேட்டது.
நிறுத்தச் சொல்லவில்லை நான்.

பங்குனியில் உத்தரவு வந்தது:
இந்தத் தாலுகாவுக்குத் தும்மல் படம் வேண்டாம்.
பதிலுக்கு ஒரு டப்பா அனுப்பினார்கள்.
உருளைக்கிழங்கின் சத்து வீணாகாமல்
தோலோடு வேகவைக்கும் முறை.

அதே வயல். இப்போது வெடிப்பு.
நாற்காலி ஏழு.
உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது,
நான் பேசிக்கொண்டிருந்தேன்,
திரைக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.
பெண்குரல்.