கோட்டுக்கு வெளியே

ஒரே சீடியில மூண்டு மென்பொருள்,
கஸ்தூரியார் வீதிக் கடையில இருநூறு ரூபா.
எது நல்லது எண்டு கேட்டன்.
"என்னத்தை மாத்தப் போறியள், அதைப் பொறுத்தது அண்ணை"
எண்டான் ரஜீபன்,
ஆற்றையோ மதர்போர்ட்டில இருந்த தூசியை ஊதிக்கொண்டு.

என்னத்தை எண்டு நான் சொல்லேல்லை.

கேபிள்காரர் நேரடியாப் போட்ட கரப்பந்து இறுதி.
மனுசி ரீவி கார்ட்டில பதிஞ்சு வச்சவள்,
புருசன் கொடியோட நிக்கிறான் எண்டு.
ஆறு ஜிபி.
ஐஞ்சாவது செற், பதின்நாலுக்குப் பதின்மூண்டு,
நெடுந்தீவு நிக்சன் எழும்பி அடிக்கிறான்,
பந்து மூலையில விழுகுது.
கொடியை உயர்த்தினவன் நான்.
வெளியே.

ஒருத்தரும் என்னை ஏசேல்லை. அதுதான் கரைச்சல்.
நான் நாளாந்தம் குறிகட்டுவானில வள்ளம் ஏறி
நெடுந்தீவுக் கந்தோருக்குப் போறவன்.
வள்ளம் ஓட்டுறது அருளப்பு, நிக்சன்ர தகப்பன்.
முந்தி என்ர பையை வாங்கி இஞ்சின் பெட்டிக்கு மேல வைப்பார்.
இப்ப பதினொரு நாள்
பை என்ர மடியில.

மைத்துனன் ஒஸ்லோவில இருந்து அனுப்பின கையளவு பிளேயர் ஒண்டு
அலுமாரிக்குள்ள சும்மா கிடந்தது.
அதுக்குள்ள அந்த ஒரு பந்தை மட்டும் ஏத்தினால் போதும்.

முதல் மென்பொருள் ஒண்டும் கேக்கேல்லை.
பெரிய பச்சைப் பொத்தான், அமத்தினன், முடிஞ்சுது.
திரை நிறையவேணும் எண்டு ஓரங்களை வெட்டிப்போட்டுது:
கோடு போச்சு, கொடி போச்சு, நானும் போனன்.
காத்தில ஒரு பந்து.
பிறகு வாயைத் திறந்த சனம்.

இரண்டாவது, காசு கட்டாதவனுக்கு
நடுப்படத்தில தன்ர பேரை எழுதும்.
எழுதட்டும், பந்து மூலையில்தானே.
ஆனால் பந்து பட்ட இடத்தில எழும்பினதை,
சுண்ணாம்போ புழுதியோ,
அழுக்கு எண்டு நினைச்சு வடிவாத் துடைச்சுவிட்டுது.
மண் சீமெந்து மாதிரி மினுங்கிச்சு.

மூண்டாவது கேள்வியாக் கேட்டுது.
எத்தினை பிரேம், எவ்வளவு அகலம்,
கடைசியா: எந்தப் பாதியை வச்சிருக்க?
விளங்கேல்லை. ரஜீபனுக்கு அடிச்சன்.
"ரீவிப் படம் முழுப்படம் இல்லை அண்ணை.
ஒற்றை வரியள் ஒரு கணம், இரட்டை வரியள் அடுத்த கணம்,
ரெண்டையும் பின்னித்தான் ஒரு பிரேம்.
வேகமாப் போற சாமானில சீப்புப் பல் மாதிரித் தெரியும்.
ஒரு பாதியை எறியுங்கோ, துப்புரவாகிடும்."

ஒற்றையை வச்சுப் பாத்தன்:
பந்து கோட்டில அரை விரல் ஏறி நிக்குது.
இரட்டையை வச்சுப் பாத்தன்:
கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில ஒரு விரல் செம்மண்.
நிலத்தில பட்டது எந்தப் பாதியில?
ரெண்டையும் குழைக்கலாம் எண்டும் ஒரு தெரிவு இருந்தது;
குழைச்சால் ரெண்டு பந்து, ரெண்டும் ஆவி.

இரவு ஒண்டரை. மனுசி எழும்பி வந்து
"இன்னும் விசில் ஊதேல்லையோ" எண்டிட்டுப் போனாள்.
அண்டைக்குக் கொடியை உயர்த்த
எனக்கு ஒரு கணமும் தேவைப்படேல்லை.
இப்ப எலியைப் பிடிச்ச விரல் அசையேல்லை.

ஒரு பாதியையும் எறியேல்லை. பல்லோடயே ஏத்தினன்.

அடுத்த நாள் காலமை, வள்ளத்தில,
வெய்யில் கண்ணாடியில அடிச்சு ஒண்டும் தெரியேல்லை.
அருளப்பு சுக்கானைப் பெடியனிட்டக் குடுத்திட்டு வந்தார்,
தலைத்துண்டை அவிழ்த்து
என்ர தலைக்கும் தன்ர தலைக்கும் மேலால போட்டார்.
உள்ளுக்கு டீசல் மணம், ரெண்டு பேர்,
கையளவு வெளிச்சம்.
பாத்தார்.
"பந்துக்குப் பல்லு முளைச்சிருக்கு" எண்டார்.
"ஓம்" எண்டன். விளக்கம் சொல்ல வாயெடுத்தன்.
"பொறு, பின்னுக்கு விடு. இன்னும். இன்னும் கொஞ்சம்."
நிக்சன் நிலத்தை விட்டுக் கிளம்பிற இடம்.
"இவ்வளவு உயரமே எழும்பினவன்?
நான் அண்டைக்கு ஓட்டத்தில நிண்டனான், காணேல்லை."

நிப்பாட்டுற பொத்தானைத் தானே கண்டுபிடிச்சார்.
நயினாதீவு தாண்டியும் பெருவிரலை எடுக்கேல்லை.
பெடியன் அந்தரத்தில. பந்து கையில படேல்லை இன்னும்.
பற்றரியில ஒரு கோடு மிச்சம்.
நான் ஒண்டும் சொல்லேல்லை.