இடக்கண் நகரும் வாரம்

எழுபத்து நான்காம் நாள். ஏழாம் தொட்டி.
இன்னும் ஒன்றும் சாயவில்லை
என்று பலகையில் எழுதிவிட்டுக்
கைகழுவப் போனான் ஹல்வர்.
வெளியே ஃபியோர்டில் மழை.
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.

ஹாலிபட் குஞ்சும் முதலில்
மற்ற மீன்களைப் போலத்தான்:
வலத்துக்கொரு கண், இடத்துக்கொரு கண்,
முதுகு மேலே, வயிறு கீழே.
பிறகு ஒரு வாரம் வரும்.
தொண்டைக்கடியில்
ரவையிலும் சிறிய ஏதோ கசியும்.
இடக்கண் கிளம்பும்.
மயிரிழை மயிரிழையாக
உச்சி தாண்டி
வலக்கண்ணின் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்.
மண்டையோடு வளைந்து கொடுக்கும்.
மீன் ஒருக்களித்துப் படுக்கும்,
பிறகு எழுவதே இல்லை.

பார்க்க வருகிறவர்கள்
கண்ணைத்தான் பார்ப்பார்கள்.
எங்களுக்குச் சம்பளம் காதைப் பார்க்க.
காது நகர்வதில்லை.
உள்ளிருக்கும் சின்னக் கல்
பழைய கணக்கிலேயே கத்தும்:
விழுந்துவிட்டாய், விழுந்துவிட்டாய்.
விழவில்லை, இனி இதுதான் உன் நிற்றல் என்று
யாராவது மூளைக்குச் சொல்ல வேண்டும்.
காதிலிருந்து கண்தசைக்குப்
புதுக்கம்பி இழுக்க வேண்டும்,
பழைய கம்பியில் மின்சாரம் ஓடும்போதே.

எட்டாம் தொட்டியில்
தானாக வரட்டும் என்று விட்டோம்.
ஒன்பதில் ஹார்மோனை முன்கூட்டியே ஊற்றினோம்.
கண் கடந்துவிட்டது, உடம்பு தயாரில்லை.
நான்கு நாளில் எல்லாம் அடியில்.
ஏழில் மருந்து போட்டுச்
சுரப்பியின் வாயை அடைத்தோம்.
அவை தின்றன, கொழுத்தன,
நிமிர்ந்தே நீந்தின,
வயதேறிய குழந்தைகளாக.

செவ்வாயன்று ஹல்வருக்கு
ஆஸ்லோவிலிருந்து போன்.
மகள் பிறந்து எட்டாம் நாள்.
குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம்
காகிதத்தில் காய்ந்து
தபாலில் போயிருந்தது.
ம், என்றான். ம்.
பிறகு, அது என்னவென்று எனக்குத் தெரியும், என்றான்.
கையிலிருந்த வலை
சொட்டிக்கொண்டே இருந்தது.

அவன் போன பிறகு
ஏழாம் தொட்டியை இரண்டாகப் பிரித்தேன்.
பாதிக்கு அடைப்பு தொடரும்.
பாதிக்கு இன்றிலிருந்து ஹார்மோன்.
இது திட்டத்திலேயே இருந்தது,
ஜூன் மாதம் அவனே எழுதியது:
தாமதம் எந்த நாளில் தொடங்குகிறது?
தனியாகத்தான் இருந்தேன்,
ஆனாலும் அந்த வரியை
வாய்விட்டுப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தான்.
சட்டைத் தோளில் பால்கறை.
மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கித்
தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கிறார்களாம்.
இப்போது அழுகிறாள், என்றான்,
ராத்திரி முழுக்க, தெருவே விழிக்கும்படி.
முன்னால் அழவே மாட்டாள்.
சமர்த்து என்று நினைத்திருந்தோம்.
மாரித் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்,
எவ்வளவு சமர்த்து என்று.

பேசிக்கொண்டே ஏழாம் தொட்டிக்குள் பார்த்தான்.
சமர்த்தாக நின்றுகொண்டிருந்த பாதியை
நெடுநேரம் பார்த்தான்.

மறுபாதியில் பதினொன்று கடந்துவிட்டன.
ஆறுக்குக் கண் உச்சியிலேயே நின்றுவிட்டது,
வாசற்படியில் செருப்போடு நிற்கும் விருந்தாளி மாதிரி.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
கடந்தது, கடக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

காலை ஆறு மணிக்கு அவன் போன் அலறும்.
மருந்து வேளை.
வீட்டில் மாரித் கரண்டியோடு குனிந்திருப்பாள்.
இங்கே அவன் அதை அணைக்க மாட்டான்.
தொட்டிகள் எல்லாம் ஒன்றாகத் திடுக்கிடும்,
நிற்பவை நின்றபடி,
படுத்தவை படுத்தபடி.

இன்று அந்த ஆறில் ஒன்று
எது மேல், எது கீழ் என்று புரியாமல்
சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.
ஹல்வர் மூக்கு கண்ணாடியில் அழுந்தக் குனிந்தான்.
நான் பேனாவைத் தேடினேன்.
அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது.