பழுதற்றது

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
இந்த மாதம் எனக்கு இரவு முறை.
முத்திரையில் மலையாளம் இருக்கிறது.
வாய்க்குள் அதைத் தமிழில் சொல்லிக்கொள்வேன்:
பழுதற்றது.
லாரிக்கு ஒரு குத்து.
மடித்த தாளுக்குள் மடித்த இன்னொரு தாள்.
பதினோரு வருடத்தில்
நாற்காலியை விட்டு எழுந்த இரவுகளை
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஞாயிறு முதல் வாசகம் என் முறை.
ராயப்பன் சாமி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்:
“நிதானமா படிங்க சவரிநாதன்.
போன தடவை எரேமியாவை
பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஆக்கிட்டீங்க.”
அதனால் மேசை விளக்கடியில்
உதட்டசைத்து ஒத்திகை.

கடைசி இறைவாக்கினருக்கு
கல் விக்கிரகத்தின்மேல்கூட இவ்வளவு கோபமில்லை.
நொண்டி ஆட்டையும் கண் அவிந்த மாட்டையும்
பார்க்காமலே பலிக்கு வாங்கிக்கொண்ட
குருக்கள்மேல்தான்.
பீடத்தருகே நின்று கொட்டாவி விட்டார்களாம்.
(நானும் விட்டேன். மணி இரண்டே கால்.)

லேவி வம்சத்துக்கு நிலம் தரவில்லை,
வேலை மட்டும் தந்தார்:
இமையைப் புரட்டு, குளம்பைத் தூக்கு,
வாயைத் திற,
பிறகு சொல்.
திருச்சூர்ப் பயிற்சியில்
கால்நடை ஆய்வாளர்களுக்குச் சொல்லித்தந்ததும்
இதே வரிசைதான்.

வெளியே லாரி. பொள்ளாச்சிச் சந்தைச் சரக்கு.
கிளீனர் பையன் தாளை நீட்டினான்.
ஏனென்று தெரியாது, டார்ச்சை எடுத்தேன்.
“சாருக்கு என்னாச்சு?”
தாளில் பத்து. வண்டியில் பதினாறு.
மூக்கணாங்கயிறெல்லாம் ஒரே கம்பியில்.
மூலையில் ஒரு செவலை.
வலது கண் முழுக்க வெள்ளை,
வெளிச்சம் பட்டும் சிமிட்டவில்லை.
முன்னங்காலை ஊன்றாமல் பிடித்திருந்தது.
தாடையில் கை வைத்தேன்.
கொதித்தது. நூலாய் எச்சில்
என் மணிக்கட்டில் இறங்கியது.

“கோமாரி சந்தேகம்.
ஒரு கண்ணில் பார்வை இல்லை. எண்ணிக்கை பதினாறு.”
எழுதுவது பழக்கமில்லாததால்
எழுத்து கோணியது.

ஓட்டுநர் திட்டியிருந்தால் தேவலை.
சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.
வேலந்தாவளம் வழியாகவோ
ஏதோ தென்னந்தோப்பு மண்பாதையிலோ
விடிவதற்குள் அந்தப் பதினாறும்
இந்தப் பக்கம் வந்திருக்கும்.
செவலையும்தான்.

கொழிஞ்சாம்பாறைக் கோயிலில்
ஞாயிறு காலை நிதானமாகப் படித்தேன்.
குருக்களே, என்று வருகிற இடத்தில்
சபை முழுக்க ராயப்பன் சாமியைப் பார்த்தது.
அவர் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.
நான் புத்தகத்தின் மேலிருந்த
என் கையைப் பார்த்தேன்.
மூன்று தடவை சோப்புப் போட்டும்
அந்த வாயின் வாடை.

திங்கள் இரவு.
முத்திரை இழுப்பறையில் இருக்கிறது.
டார்ச்சு மங்கலாக எரிகிறது,
பேட்டரி வாங்க மறந்துவிட்டேன்.
முதல் லாரி ஹாரன் அடிக்கிறது.
உள்ளே ஏதோ ஒன்று கத்துகிறது.