இரண்டிலிருந்து எட்டு டிகிரி

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு,
கண்கள் மட்டும் வெளியே.
மூன்று பக்கமும் காற்று அடித்து
என்மேல் ஒட்டியிருக்கும் உலகத்தை உதறிய பிறகே
கதவு திறக்கும்.

உள்ளே ஒரு தூசி வந்தால் அலாரம்.
ஒருத்திக்கு மூத்திரம் வந்தால்
அட்டை.
லைனுக்கு ஒரே அட்டை, சிவப்பு,
பதினெட்டுப் பேருக்கு.
உடுப்பைக் கழற்ற நான்கு நிமிடம், மாட்ட ஐந்து,
ரொஹானா கடிகாரத்தைப் பார்க்க ஒன்று.
கணக்குப் போட்டுப் பார்த்துத்
தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

இந்த வருடம் நான்காவது தடவை.
சம்பால் அரைத்த மிக்சியைக் கழுவிய நீர்
உள்ளிருந்து சொட்டுச் சொட்டாய்.

கிளினிக்கில் ஆண் டாக்டர்.
"எங்கே வலி?"
"அடிவயிறு" என்றேன்.
முப்பத்தொன்பது வயதில்
என் உடம்பின் வரைபடத்தில்
அடிவயிற்றுக்குக் கீழே நேராக முழங்கால்.
இடையில் ஊரே இல்லை.

மாத்திரை எரிச்சலை அணைத்தது.
அணைத்த இடத்தில் அரிப்பு முளைத்தது.

மருந்துக்கடையில் மிஸ் ஊய்.
அவளிடம் மலாயில் சொன்னேன்.
தமிழில் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும் சொல்
மலாயில்
பஸ் நிறுத்தத்தின் பெயர்போல் சுலபமாக வந்தது.

ரசீதின் முதுகில் அவள் வரைந்தாள்,
சின்னச் சின்னக் கோடுகள், குச்சி குச்சியாய்.
உன் வாசலில் குடியிருப்பவர்கள், என்றாள்,
புளிப்பு காய்ச்சிக்கொண்டு,
வெளியாள் யாரையும் உட்காரவிடாமல்.
மாத்திரை வந்தபோது
திருடனோடு சேர்த்து ஜாகாவையும்
அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

எட்டு மணி நேரம்
கிருமியே இல்லாத ஓர் அறையில்
கூலிக்கு நிற்கிறேன்.
சுத்தம் என்றால் யாருமே இல்லாமை
என்று நம்பியிருந்தேன்.
ரோஜா வாசனைச் சோப்பால்
தினம் இருமுறை
நானேதான் அவர்களை விரட்டியிருக்கிறேன்.

"இது நிச்சயம் குணமாக்குமா?"
"சிலருக்கு உதவுகிறது. எல்லாருக்கும் இல்லை.
மறுபடி எரிந்தால் டாக்டரிடம் போ, சோதனை எடு.
தண்ணீர் குடி.
அடக்காதே."
கடைசிச் சொல்லுக்கு மட்டும்
மிஸ் ஊயின் அலமாரியில் ஒன்றும் இல்லை.

எழுபத்தெட்டு வெள்ளி.
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம்.
பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன்,
நேற்றைய மீன் குழம்புக்கும்
பாதி வெட்டிய பப்பாளிக்கும் நடுவே.

சுகுமாறன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
"வயித்துக்கா?"
"இல்லை" என்றேன்.
பிறகு தமிழில் சொன்னேன். முழுச் சொல்லையும்.
கதவு திறந்தே கிடந்தது,
குளிர் எங்கள் கால்களில் இறங்கியது.
அவர் முட்டைத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி
பாட்டிலைச் சாயாமல் நிறுத்தினார்.

மூன்றாம் வாரம், உடுப்பு மாற்றும் அறை.
ரொஹானா பக்கத்தில் வந்து நின்றாள்.
முகமூடிக்குள்ளிருந்து,
"கோமளா சொன்னாளே, அந்தப் பாட்டில்...
எந்தக் கடை?"

அட்டையைக் கையில் வைத்திருப்பவளுக்கும்
அதே சம்பால்.
கடையைச் சொன்னேன். விலையைச் சொன்னேன்.
அடக்காதே என்பதையும் சொன்னேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பழக்கத்தில்.

விடியற்காலை இரண்டு மணிக்கு முட்டியது.
அட்டை வேறு ஒருத்தியிடம்.
எழுந்தேன்.
என் இயந்திரத்தின் தலையில்
மஞ்சள் விளக்கு எரிந்தது.

எரியட்டும்.