ஐம்பது நிமிடம்

ரொசால்பா நாவெல்கின் மூன்றாம் முறையாக அழைத்தாள்.
சிலோயே தீவில் கடைசி வீடு.
"மலையேற்றப் பந்தயம். முன்னால் போன சைக்கிள்காரன்
நாலு மஞ்சள் சதுரமாகிவிட்டான்."

ரவுட்டரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன்.
பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைக்கூடச்
சந்தேகப்பட்டேன், பாவம்.
வேகச் சோதனையோ
நான் நிற்கும்வரை யோக்கியன்.

உருளைக்கிழங்குக் கணக்குநோட்டை நீட்டினாள்.
ஓரத்தில் பென்சில்:
திங்கள் ஒன்பது பத்து.
செவ்வாய் பத்து.
புதன் பத்து ஐம்பது.

நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி
எந்தக் கருவி பழுதாகும்?

குளிர்பெட்டிக் கதவில் ஓத அட்டவணை,
சிப்பி பொறுக்கும் நாட்களில் வட்டம்.
அதன் பக்கத்தில் நோட்டைப் பிடித்தேன்.

அக்கரையில் கோபுரம்.
இடையில் கடல், ஏறிக்கொண்டு.
நேரே வரும் அலையும்
நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும்
ஒன்றையொன்று தின்றுவிடும் உயரம் ஒன்று உண்டு.
அதைத் தண்ணீர் கடக்கும்வரை
சதுரங்கள்தான்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
நிலா என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
ஆன்டெனா உயரம் போதாது.

ஏணியில் நான் ஒரு மீட்டர் ஏற்றிக் கட்டும்போது
கீழிருந்து கேட்டாள்:
"அப்போ புதன்கிழமை யார் ஜெயித்தான்?"