வில்லங்கம் பார்த்தது

மேலப்பாளையத்தில் மீரான் மைதீனின் காயலான் கடை.
முன்னீர்ப்பள்ளத்துக் கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது
ஒரு தவலை, இரண்டு வாளிக் கொக்கி,
இது.
"பம்புசெட்டு சாமானாவே?" என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் விலை ஏறும்.
எடைக்கே போட்டுக் கொடுத்தார்.

பாளையங்கோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
நான்கெல்லை, மூலப்பத்திரம், கைமாறிய வரலாறு
இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை.
பல் தேய்க்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக
பதினோரு ராத்திரி வில்லங்கம் பார்த்தேன்.

மேல்பட்டையில் செதுக்கியிருந்த பெயரில்
லண்டன் மட்டும் மிச்சம்.
அது விற்ற கடை. செய்த கையல்ல.
உருளையில் ஐந்து அறை, அறைக்கொரு கிரீடம்,
அதன் கீழ் குறுக்கே இரண்டு செங்கோல்:
பர்மிங்ஹாமில் வெடித்துப் பார்த்துக் குத்திய முத்திரை.
எண்ணின் வாலில் ஒரு டி.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி பார்த்தேன். டி தான்.
டிரான்டர்.

ஆடம்ஸ் என்னிடம் இரண்டு உண்டு.
அதற்கு விசை ஒன்று.
இழுத்தால் இழுத்ததுதான், வாய் தவறிய சொல் மாதிரி.
டிரான்டர் இரண்டு விசை வைத்தான்.
கீழ்விசை காப்பு வளையத்துக்கு வெளியே தொங்கும்;
இழுத்தால் உருளை ஓர் அறை திரும்பும்,
சுத்தியல் எழும்பி நிற்கும்.
பிறகு மேல்விசை.
அதற்கு ஒரு தொடல் போதும்.

கைப்பிடிக் கட்டையைக் கழற்றினால்
அரம் போட்டவன் உள்ளே குத்திய மூன்று புள்ளி.
வேறு பெயர் கிடையாது அவனுக்கு.
என் பத்திரங்களிலும் கடைசி வரியில்
"எழுதியவர்" என்று பொடியாக நான் உண்டு.

"கெணத்துல போட்டவன்
காரணத்தோடதான் போட்டிருப்பான்" என்றாள் தங்கபுஷ்பம்,
புளி கரைத்தபடி.

எதற்கும் ஒரு கடுதாசி இருக்கட்டுமென்று
ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.
எஸ்.ஐ. ஜெபக்கனி பேனாவால் தள்ளிப் பார்த்தார்.
"சுடுமா?"
"சுட்டிருக்கும். இனி சுடாது."
"எத்தன தடவ?"

அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.
எந்த வருஷம், எந்தப் பட்டறை,
எந்தக் கப்பலில் தூத்துக்குடி வந்திருக்கும்,
எல்லாம் கேட்டாயிற்று.

வீட்டுக்கு வந்து,
உருளையின் முகத்தில் கல்லாய் இறுகிய சேற்றை
ஈர்க்குச்சியால் பைய நோண்டினேன்.
நான்கு அறையில் சேற்றுக்குப் பின்னும் சேறு.
ஐந்தாவதில் ஈயக்குண்டு,
அதன் பின்னால் தொப்பியும் இருந்த இடத்திலேயே.
நேர் எதிரே சுத்தியல், எழுந்த நிலையில் துருப்பிடித்து.

கீழ்விசை இழுத்திருக்கிறது.
மேல்விசை இழுக்கவில்லை.

நான்கு யாருக்கு, காக்கைக்கா, மனுஷனுக்கா,
எந்தச் சான்றிதழிலும் வராது.
ஐந்தாவதுக்கு எதிரே யாரோ நின்றார்கள்.
அல்லது, பிடித்திருந்தவனின் நெற்றியே.

தொப்பியைக் கழற்றினேன்.
தேங்காயெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டுக்
குண்டை எடுத்தேன்.
மருந்து கருப்பட்டிப் பாகு போலக் குழைந்து வந்தது.
சுத்தியலை இறக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கையில் அவள் கேட்டாள்:
"இது மட்டும் என்ன, தூக்கிக்கிட்டே நிக்கி?"

நிக்கட்டும்.