சக்கரம் உடைந்த தொட்டி

பொய் என்று நான் எதையும் சொல்லவில்லை.
செவ்வாய் இரவுகளில்
தெரு முழுக்க நீலத்தொட்டி, சாம்பல்தொட்டி
வரிசை கட்டி நிற்க,
நாற்பத்திரண்டாம் இலக்க வாசல் மட்டும்
நாலு கிழமையாய் வெறிச்சோடிக் கிடந்தது.
கண்டேன்.
கண்டதைத்தான் சொன்னேன்.

ரெய்னர்ஸ் லேனில் மாசி மாதத்து மழை.
உள்ளூராட்சித் தேர்தலுக்கு
எங்கள் வட்டாரத்தில் கட்சி ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.
நிற்க விரும்பியவர்கள் இருவர்,
வாக்குரிமையுள்ள உறுப்பினர் அறுபத்தொரு பேர்,
அதில் எங்கட ஆட்கள் இருபத்தெட்டு.
எங்கட ஆட்கள் என்றால் யாரென்று
உங்களுக்கே தெரியும்.

சத்தியரூபன் பேச்சாளர் அல்ல.
மேடையேறினால் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திருகித் திருகிப் பூட்டுவார்.
ஆனால் என் தம்பியின் விசா மறுக்கப்பட்ட கிழமை
இரவு பன்னிரண்டரைக்கு
என் குசினி மேசையிலிருந்து
முப்பத்தேழு பக்கம் நிரப்பித் தந்தவர்.
கடைசிப் பக்கத்தில் சாட்சியாய்த் தன் பெயரையும் போட்டார்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அவர் எனக்கு இட்டது உப்பல்ல,
ஒப்பம்.
அது கரையாது.

அபேனா மென்சா
நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் இரவுத் தாதி.
நூலக மண்டபத்தில் கேள்வி நேரம் வந்தபோது
ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடித்த வீடுகளின் இலக்கங்களைத்
தாள் பார்க்காமல் சொன்னாள்.
அதில் ஒன்று என் வீடு.
தட்ட எழுந்த கைகளைத்
தொடைக்கடியில் வைத்து அமர்ந்துகொண்டேன்.

அன்றிரவு பதினொரு அழைப்பு.
முதல் ஆளிடம், "தொட்டியைக் காணேல்லை."
நாலாவது ஆளிடம், "ஆளையும் காணேல்லை."
ஏழாவதில், மூச்சு வாங்காமல்,
"அவ இஞ்ச இருக்கிறதே இல்லையாம்."

எவ்வளவு சின்ன வால்!
இல்லை என்பது ஒரு சொல்.
ஆம் என்பது ஒரு சொல்.
இரண்டையும் ஒட்டினால்
சொன்னவள் மறைந்துவிடுகிறாள்.
யாரோ கண்டார்கள், எவரோ சொன்னார்கள்,
ஊர் வாய்க்கு உலைமூடி இல்லையாம்.
நான் வெறும் தொலைபேசி.

முப்பத்தொன்றுக்கு இருபத்திரண்டு.
சத்தியரூபன் போத்தலைத் திறந்து
ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.
என் பதினொரு அழைப்பும் அவருக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் வேண்டாமென்று தடுத்திருப்பாரோ,
நான் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பதும் விசுவாசத்தில் ஒரு பங்கு.

சித்திரையில், தோற்றவள் வந்தாள்.
வென்றவரின் துண்டுப்பிரசுரங்களைக்
கை நிறைய வாங்கிக்கொண்டு
"எந்தத் தெரு?" என்றாள்.
பட்டியலில் அவளுக்குச் சோடி நான்.

இருபத்துமூன்றாம் கதவு. அருளம்பலத்தார்.
கட்சி அட்டை இல்லாதவர்.
என் பதினொரு பேரிலும் இல்லாதவர்.
அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தபடி
என்னிடம் தமிழில் சொன்னார்:
"இதுதானே அந்தப் பிள்ளை?
வாசலில தொட்டியே வைக்கிறதில்லையாம்.
தங்கச்சியின்ர விலாசத்தைக் குடுத்து ஏமாத்தினதாம்.
நல்ல காலம், எங்கட ஆள் வந்தது."

தங்கச்சி என் சரக்கல்ல.
வழியில் எங்கோ பிறந்திருக்கிறாள்.

அபேனா அவருக்குப் பதில் சிரிப்புச் சிரித்தாள்.
"என்ன சொல்கிறார்?"

அந்த வாலுக்கு ஆங்கிலம் இல்லை.
"உங்கள் குப்பைத்தொட்டியைப் பற்றிக் கேட்கிறார்" என்றேன்.

"அட, இவருக்கும் தெரியுமா?"
அவள் கண்கள் விரிந்தன.
"ஜனவரியில் சக்கரம் உடைந்தது.
கவுன்சிலுக்கு ஆறு தரம் எழுதிவிட்டேன்.
இன்றுவரை பக்கத்து வீட்டுத் தொட்டியில்தான் போடுகிறேன்.
சொல்லுங்கள் இவருக்கு,
சத்தியரூபன் வென்றால்
முதல் வேலையாய் மாற்றித் தருவாரென்று."

அருளம்பலத்தார் என் வாயையே பார்த்து நின்றார்.
என் கையில் பேனா. தாளில்
ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது என்று
மூன்று கட்டங்கள். மெல்லத் தூறல் விழுந்து
மை பரவத் தொடங்கியது.

"என்னவாம்?" என்றார்.